தடிப்பு அடங்கும், நோய் அடங்காது

கழுத்தின் இரு பக்கமும் நெறிகட்டியிருக்கும். விட்டுவிட்டுக் காய்ச்சல். கூடவே முகத்திலும் கையிலும் செக்கச் செவேலென்று தடிப்புகள். தொட்டால் வலிக்கும், சிலவற்றில் சீழ்க் கொப்புளமும் இருக்கும். எச்.ஐ.வி. இல்லை. நடுத்தர வயதுவரை நோய்நொடி அறியாத உடம்பு. தாய்லாந்திலும் தைவானிலும் இப்படிப்பட்டவர்கள் அடுத்தடுத்து வந்தபோது மருத்துவர்களுக்குக் காரணம் புரியவில்லை.

தடிப்பில் துளி சதை எடுத்து பயாப்ஸி பார்த்தால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் குவிந்து கிடக்கும், கிருமி இருக்காது. இங்கிலாந்துத் தோல் மருத்துவர் ராபர்ட் டக்ளஸ் ஸ்வீட் 1964-ல் விவரித்த ஸ்வீட் நோய்க்குறி இது. கிருமி ஒளிந்திருப்பது நெறியில். அங்கிருந்து திசு எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தால் ஒருவகை மைக்கோபாக்டீரியம் வளரும். காசநோய், தொழுநோய்க் கிருமிகளுக்குப் பங்காளி. மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்வது. நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களின் உடம்பு முழுக்க அது பரவுவது மிக அரிது.

இவர்களிடம் மட்டும் எப்படிப் பரவியது? 2012-ல் தாய்லாந்து, தைவான், அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து விடை கண்டார்கள். இத்தகைய தொற்று கண்டவர்களில் 88 சதவீதம் பேரின் ரத்தத்தில், காமா இன்டர்ஃபெரானை முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. உடம்புக்குள் புகுந்த மைக்கோபாக்டீரியாவைக் கொல்லும்படி அணுக்களுக்குத் தாக்கீது கொண்டுபோவது காமா இன்டர்ஃபெரான். அந்தத் தாக்கீதை உடம்பே வழிமறித்துக் கிழித்துப்போடுகிறது.

இதற்கு ஒரு தடயமும் உண்டு. காசநோய்த் தொற்றைக் கண்டறிய, காமா இன்டர்ஃபெரானை அளக்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இவர்களுக்கு அதைச் செய்தால், வேலை செய்தே தீரவேண்டிய ஒப்பீட்டுக் குழாயிலும் அளவு ஏறாது. ‘முடிவு தெளிவில்லை’ என்று அறிக்கை வரும். பலர் அதை ஆய்வகக் கோளாறு என்று ஒதுக்கிவிடக்கூடும். உண்மையில் அதுதான் துப்பு.

ஆபத்து, தடிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டில் இருக்கிறது. கொடுத்தால் தடிப்பு மளமளவென்று அடங்கும். நோயாளிக்கும் மகிழ்ச்சி, மருத்துவருக்கும் நிம்மதி. உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். தாய்லாந்தில் அடிக்கடி அகப்படும் மைக்கோபாக்டீரியம் அப்செசஸ், வழக்கமான காசநோய் மருந்துகளுக்கு மசியாது. பல மருந்துகளை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கிறது. நிறுத்தினால் திரும்பவும் வரலாம். ஆன்டிபாடியையே குறைக்க ரிட்டுக்ஸிமாப், சைக்ளோபாஸ்பமைடு மருந்துகளும் பயன்படுகின்றன.

நம்மூரில் கழுத்தில் நெறிகட்டினால் முதல் சந்தேகம் காசநோய்தான், அது நியாயமும்கூட. ஆனால் மாத்திரை சாப்பிட்டும் நெறி கரையாமல், வலிக்கும் தடிப்பும் சேர்ந்து வந்தால், தோலுக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். நெறியிலிருந்து எடுத்த திசுவைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.