படம் இருந்தால்தான் சாமி திரும்பும்

பங்குனியில் உறையூர் நாச்சியார் கோயிலுக்குச் சேர்த்திக்கு எழுந்தருளும் ஸ்ரீரங்கம் உற்சவர் நம்பெருமாள், போரால் ஊரைவிட்டுப் போய்த் திரும்பியவர். 1323இல் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தை நெருங்கியபோது அவரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். 1371இல் விஜயநகரத்துக் கோபணர்தான் திரும்ப எழுந்தருளச் செய்தார். அதற்குக் கல்வெட்டு உண்டு. அதற்குள் கோயிலில் வேறொரு திருமேனி இருந்ததால், எது பழையது என்று குழப்பம். பார்வையற்ற முதிய சலவைத் தொழிலாளி ஒருவர் திருமஞ்சன ஈரத்துணியின் தீர்த்தத்தைச் சுவைத்து, இவரே என்று சொன்னதாகக் கோயில் வரலாற்று நூலான கோயிலொழுகு கூறுகிறது.

அந்தச் சாட்சி அன்று செல்லுபடியானது. இன்று எந்த வெளிநாட்டு அருங்காட்சியகமானாலும் புகைப்படமும் பதிவேடும்தான் கேட்கும்.

கர்நாடகப் போர்க் காலத்தில், 1752இல், பிரெஞ்சுப் படையும் அதன் கூட்டாளி சந்தா சாகிபும் ஸ்ரீரங்கம் தீவில்தான் முற்றுகையில் சிக்கிக் கிடந்தார்கள். கோயில் மூலவர் பெரிய பெருமாளின் கண்ணில் பதித்திருந்த வைரத்தைப் பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவன் திருடினான், அதுதான் மாஸ்கோ கிரெம்ளினில் இருக்கும் ஓர்லோவ் வைரம் என்று நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். சுமார் 190 காரட். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இங்கிருந்து போனதற்கு ஆவணம் இல்லை. கதையை வைத்துக்கொண்டு வழக்காட முடியாது.

சட்டமும் அவ்வளவு தூரம் பின்னோக்கிப் போகாது. ஆக்கிரமிப்புப் பகுதியிலிருந்து வெளியேறிய பண்பாட்டுச் சொத்தைப் போர் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும் என்பது 1954ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையோடு சேர்ந்த நெறிமுறை. களவுப் பொருளை மீட்க யுனெஸ்கோவின் 1970 உடன்படிக்கை. இந்தியா 1977இல் சேர்ந்தது. இரண்டும் தமக்கு முந்தைய கொள்ளையைத் தொடுவதில்லை. பழைய போர்க் கொள்ளைக்கு எதிர்த் தரப்பின் மனம்தான் வழி. 1765இல் கண்டி அரண்மனையைச் சூறையாடி டச்சுக்காரர்கள் கொண்டுபோன சிறு பீரங்கி, நெதர்லாந்து தன் கொள்கையை மாற்றிக்கொண்டதால் 2023 டிசம்பரில் கொழும்புக்கு வந்தது.

1970 உடன்படிக்கையில் நம்மூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு: களவுபோன பொருள் அந்தக் கோயிலின் அல்லது நிறுவனத்தின் பொருட்பட்டியலில் பதிவாகியிருக்க வேண்டும். கோரிக்கையை அரசுதான் தூதரக வழியில் வைக்க முடியும். தெரியாமல் வாங்கியவருக்கு இழப்பீடும் தர வேண்டியிருக்கும். ஆனந்தமங்கலம் ராமர், லட்சுமணர், சீதை சிலைகள் 1978இல் களவுபோயின. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1958இல் எடுத்து வைத்திருந்த படங்கள் ஒத்துப்போனதால் 2020இல் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அன்று யாரோ ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகாவிட்டால்?

ஆகவே கோயில் நிர்வாகிகளும் ஊர்ப் பெரியவர்களும் செய்யக்கூடியது எளிது. அலங்காரம் இல்லாதபோது ஒவ்வொரு திருமேனியையும் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள்; உயரம், பீடம், கீறல், உடைந்த விரல் எல்லாவற்றையும் குறியுங்கள். பழைய திருவிழாப் படங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். சிலை காணோம் என்றால் அன்றைக்கே காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதியவையுங்கள். கோயில் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பது திருடனுக்குச் செய்யும் உபகாரம். பிறகு காவல் துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு தொடரும்.

கடைக்கால் தோண்டும்போது சிலை கிடைத்தால் வட்டாட்சியர் மூலம் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பினால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும். பரம்பரையாக வீட்டில் இருக்கும் பழஞ்சிலையைப் பதிவு செய்வது பற்றி இந்தியத் தொல்லியல் துறையின் திருச்சி வட்ட அலுவலகத்தில் கேளுங்கள். பதிவு செய்தாலும் உங்கள் சொத்து உங்களிடமேதான் இருக்கும்.