உங்களுக்குத் தெரியுமா? ரயில் பணிமனைக்குள் ஒரு நாள்

கடத்தூர்க்காரர்கள் ரயில் பிடிக்க மொரப்பூருக்கோ பொம்மிடிக்கோ போகிறோம். நாம் ஏறும் பெட்டியின் அடிப்பாகம் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறோமா? ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பார்த்திருப்பார்கள்.

அங்கே முதல் ரயில்பாதை 1872 அக்டோபர் 14 அன்று, தோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. அந்த நாளையொட்டி, புறநகர் ரயில் நிறுவனங்கள் பலவும் தங்கள் பணிமனைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகின்றன. கிரேன் ஒரு முழுப் பெட்டியை அப்படியே மேலே தூக்கும். சக்கரத் தொகுதி மட்டும் தண்டவாளத்தில் தனியே நிற்கும். கூட்டம் அதைப் பார்க்கத்தான் முண்டியடிக்கும்.

நம் பக்கம் வருவோம். சென்னைக் கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. இன்றைய புறநகர் ரயில்களை ஆவடி, தாம்பரம் பணிமனைகளில் பராமரிக்கிறார்கள். தண்டவாளத்துக்கு நடுவே ஆள் நிற்கும் பள்ளம். அதில் இறங்கி, அண்ணாந்தபடி பிரேக் கட்டைகளின் தேய்மானத்தைப் பார்ப்பார்கள். தேய்ந்த சக்கர விளிம்பைக் கடைசல் இயந்திரத்தில் சீவிச் சரிசெய்வார்கள். கூரையில் 25,000 வோல்ட் கம்பியை உரசும் பட்டையையும் சோதிக்காமல் விடுவதில்லை. நம் உயிரைக் காக்கும் வேலை இது.

பழைய பெட்டிகளையும் எஞ்சின்களையும் பார்க்க, சென்னை ஐ.சி.எஃப். அருகே 2002-இல் திறந்த ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. வேலை நடக்கும் பணிமனையைக் காண்பது வேறு அனுபவம். நமக்குப் பக்கமான ஈரோடு மின்சார எஞ்சின் பணிமனையை ஆண்டுக்கு ஒரு நாளாவது நம் பிள்ளைகளுக்குத் திறந்துகாட்ட வேண்டும். ரயில்வே இதைச் செய்யட்டும்.