வாலட் பூட்டும் வாரிசுகளும்



கிரிப்டோ நாணயம் கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை ஆலிம்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், குறிப்பாக வெளிநாட்டில் வேலை செய்யும் நம் கம்பம், உத்தமபாளையம் பகுதிப் பிள்ளைகள், அதைப் பாதுகாப்பது பற்றித்தான் இங்கே சொல்கிறோம்.

கிரிப்டோ ஒரு சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் தளத்தில் நடந்த திருட்டுக்குப் பின் நாணயம் முடங்கிப்போன ஒருவர் தொடுத்த வழக்கு அது. சொத்து என்றால் வாரிசுகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் வீட்டுப் பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். சொந்த வாலட்டுக்கு அப்படி ஓர் அலுவலகமே கிடையாது.

வாலட்டின் கோப்பைத் திருடியவன் தன் கணினியில் வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் பூட்டைத் திறந்து பார்க்கலாம். எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளில் ஏறக்குறைய 20,882 கோடிச் சேர்க்கைகள் உண்டு. நொடிக்கு நூறு கோடி முறை முயன்றால் மூன்றரை நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு, டிஎன் 60 வண்டி எண் ஆகியவற்றுக்கு அவ்வளவு நேரம்கூட ஆகாது. கடைசியில் 786 சேர்ப்பது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். அது திருடனுக்கும் தெரியும்!

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆறு சொற்களைக் குலுக்கிப்போட்டு எடுங்கள். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து அப்படி எடுத்தால், அதே வேகத்தில் எல்லாவற்றையும் முயன்று முடிக்க 70 லட்சம் ஆண்டு ஆகும். மனதில் தோன்றுவதை எழுதினால் இந்தக் கணக்கு பொருந்தாது. இந்தக் கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கோ முகநூலுக்கோ வைக்கக் கூடாது.

பல வாலட்கள் தொடக்கத்தில் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைத் தரும். கடவுச்சொல் மறந்தாலும் அவை இருந்தால் நாணயத்தை மீட்டுவிடலாம். அவை வேறொருவர் கையில் கிடைத்தால் கடவுச்சொல் இல்லாமலே எடுத்துவிடுவார். ஆகவே போனில் படம் பிடிக்காமல், வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், தாளில் எழுதி நகை, பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். ஸ்டீபன் தாமஸ் என்பவர் 7,002 பிட்காயினுக்கான சாவியைப் பூட்டிய கருவியின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, அந்தத் தாளைத் தொலைத்தார். பத்து வாய்ப்பில் எட்டு வீணானது 2021-இல் உலகச் செய்தியானது.

அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பது மனைவிக்கோ பெற்றோருக்கோ தெரிந்திருக்கட்டும். வஸிய்யத் எழுதுபவர்கள் வாலட் இருப்பதை மட்டும் குறிப்பிடுங்கள், சொற்களை அதில் எழுத வேண்டாம். உதவி செய்வதாகச் சொல்லி யார் அந்தச் சொற்களைக் கேட்டாலும் தராதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.