கடன் ஒப்புதல் கடிதம் வந்த பின்

"கடன் வந்துவிட்டது! நாளையே ஓட்டைப் பிரிக்கலாம், அரியலூரில் சிமெண்டுக்குச் சொல்லிவிடு" என்றார் தந்தையார். பெரம்பலூரிலுள்ள எங்கள் ஓட்டு வீட்டை மாடி வீடாக்குவது அவரது நெடுநாள் ஆசை.

வங்கியின் ஆங்கிலக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். பட்டா அவர் பெயருக்கு மாறினாலொழியப் பணம் இல்லையாம்! பத்திரம் அவர் பெயரில். பட்டாவோ இன்னும் பாட்டனார் பெயரில். அன்றே வீட்டைப் பிரித்திருந்தால் தெருவில் நின்றிருப்போம். ஒப்புதல் வேறு, பணம் வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நண்பர்களே, கடிதம் வந்ததும் நிபந்தனைகளையும் காலக்கெடுவையும் முதலில் படியுங்கள். வட்டி நிலையானதா, மாறக்கூடியதா என்று பாருங்கள். வட்டி, கட்டணம் யாவும் அடங்கிய முக்கிய விவரத் தாளை, கடன் பெறுவோருக்குப் புரியும் மொழியில் தர வேண்டுமென்பது 1-10-2024 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. தமிழில் கேளுங்கள், சிந்திக்கக் குறைந்தது 3 வேலை நாள் உண்டு. கட்டடம் எழும்ப எழும்பவே பணம் தவணையாக வரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மூலப்பத்திரங்களை ஒப்படைக்கையில் பட்டியலிட்டு ஒப்புகை வாங்குங்கள். கடனை முழுதும் அடைத்த 30 நாளில் அவை திரும்ப வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு; இது 1-12-2023 முதல் உள்ள விதி.

கெடுவுக்குள் பட்டா மாறியது, கடைக்காலும் எழும்பிவிட்டது. இப்போது எந்தக் காகிதம் வந்தாலும் தந்தையார் சொல்வது ஒன்றே: "முதலில் படி, பிறகு பேசலாம்."