போத்தலும் லீற்றரும்

"ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் வாங்கி வா" என்றுதான் நம் வீடுகளில் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புகிறோம். அந்தப் போத்தல் 750 மில்லிலீற்றர். ஒரு லீற்றருக்குக் கால் லீற்றர் குறைவு. எண்ணெயில் இதைக் கவனிக்காவிட்டால் பணம்தான் நட்டம். வயிற்றோட்டத்தால் வாடிய பிள்ளைக்கு ஜீவனி கரைக்கும்போது விடயம் வேறு.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. இளைய மகனுக்கு வயிற்றோட்டம். ஒரு லீற்றர் நீருக்கான பக்கெற்றை அவனது உம்மா கழுவி வைத்திருந்த எண்ணெய்ப் போத்தலில் கொட்டிக் கரைத்துவிட்டார். போத்தல் நிறைந்தால் லீற்றர் நிறைந்தது என்ற எண்ணம். ஒரு மிடறு குடித்த பிள்ளை, உப்புக் கரிக்கிறது என்று முகம் சுளித்தான். அல்ஹம்துலில்லாஹ், அத்தோடு தெரிந்துகொண்டோம். கணக்குப் பார்த்தால் இருக்க வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் செறிவு. இப்படி உப்பு மிகுந்த கரைசலைத் தொடர்ந்து கொடுத்தால் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறி ஆபத்தாகலாம். நீர் கூடிப்போனாலோ மருந்தின் பயன் குறையும்.

அவரைக் குறைகூற எனக்கு வாயில்லை. நான்கு 'முத்து' ஒரு 'ஸாஉ' என்று ஆண்டுக்கணக்காகப் பாடம் நடத்துகிறேன். சமையலறைப் போத்தலில் எவ்வளவு பிடிக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

பாணி மருந்துக்கு லீற்றர் உதவாது. 0.005 லீற்றர் என்று எழுதினால் ஒரு பூச்சியம் தவறியதும் மருந்து பத்து மடங்காகிவிடும். 5 மில்லிலீற்றர் என்றால் அந்தக் குழப்பமில்லை. வழமையான பரசிட்டமோல் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. தேக்கரண்டி என்றால் 5, மேசைக்கரண்டி என்றால் 15 மில்லிலீற்றர் என்பது மருத்துவக் கணக்கு. நாம் தேநீர் கலக்கும் கரண்டிகள் அந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. மருந்தோடு வரும் அளவுக் கரண்டியை வீசிவிடாதீர்கள், சகோதரிகளே. அது இல்லையென்றால் மருந்துக் கடையில் ஊசியில்லாத சிறிஞ்சு கேளுங்கள்.

வாளி, பீப்பாய்க்கு லீற்றர் போதும். குடிநீர்ப் பட்டியலில் வரும் ஓர் அலகு 1,000 லீற்றர். அங்கே மில்லிலீற்றர் பேசுவது வீண் வேலை.

இப்போது எங்கள் வீட்டில் லீற்றர் குறியிட்ட குவளை ஒன்று இருக்கிறது. கொதித்தாறிய நீரை அதில் அளந்துதான் ஜீவனி கரைக்கிறோம். 24 மணித்தியாலம் கடந்தால் மிச்சத்தை ஊற்றிவிடுகிறோம். தேங்காய்ப்பால் எடுக்க அந்தக் குவளையைக் கேட்டால் உம்மா கொடுப்பதில்லை.