செவித்திறன் குறைபாடும் வளர்ச்சிக் குறைபாடுகளும்: சிறார், இளையோரிடத்து வேறுபடுத்தி அறிதல்

ஆய்வுச் சுருக்கம்

பேச்சு வராத குழந்தையை அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தையாகக் கருதும் வழக்கம் இன்றும் முற்றிலும் நீங்கவில்லை. கேளாமையால் மொழி கிட்டாத குழந்தையிடம் தோன்றும் பின்னடைவு, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் ஆகியவற்றின் புறத்தோற்றத்தை ஒத்திருப்பதே இதற்குக் காரணம். இதற்கு மறுதலையாக, காது கேளாத குழந்தையிடம் உண்மையிலேயே உள்ள வளர்ச்சிக் குறைபாடு, கேளாமையின் விளைவு எனக் கொள்ளப்பட்டு மறைந்துபோவதும் உண்டு. இவ்விரு பிழைகளும் நேரும் விதத்தையும், அவற்றைத் தவிர்க்கும் மதிப்பீட்டு முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மொழி கிட்டாமை, சைகைமொழி, மதிப்பீடு

முன்னுரை

புறநானூற்றின் 28ஆம் பாடல் மக்கட் பிறப்பில் நேரும் எண்வகைக் குறைகளை எண்ணுமிடத்து ஊமை, செவிடு, மருள் ஆகியவற்றைத் தனித்தனியே வைக்கிறது. அச்சொற்கள் இன்று மனிதரைச் சுட்ட ஏற்றவை அல்ல. எனினும் பேசாமை, கேளாமை, அறிவு மயக்கம் ஆகிய மூன்றும் ஒன்றல்ல என்னும் பகுப்பு கருதத்தக்கது. அன்றாட வழக்கிலோ காது கேளாதவரை 'ஊமை' என அழைப்பதும், பேசாதவரை அறிவு குன்றியவராக நடத்துவதும் இன்றும் காணப்படுகின்றன. இம்மயக்கம் மதிப்பீட்டு அறைக்குள்ளும் நுழையுமாயின், அதன் விளைவைக் குழந்தை வாழ்நாள் முழுதும் சுமக்க நேரும்.

சட்டத்தின் வகைப்பாடு

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றிருந்தது. 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் அவற்றை 21 ஆக விரித்தது. இச்சட்டத்தின்படி, பேச்சு அலைவெண்களில் இரு காதுகளிலும் 70 டெசிபல் கேட்பிழப்பு உடையவர் காது கேளாதவர். 60 முதல் 70 டெசிபல் வரை இழப்புடையவர் கேட்டலில் இடர்ப்பாடு உடையவர். அறிவுசார் குறைபாடோ டெசிபலைப் போல் ஒற்றை அளவில் அடங்குவதன்று. சிந்தித்தல், கற்றல் போன்ற அறிவுச் செயல்பாட்டிலும், அன்றாட வாழ்வுக்குரிய தகவமைப்பு நடத்தையிலும் குறிப்பிடத்தக்க வரம்பு காணப்படும்போதே அது உறுதி செய்யப்படுகிறது. முன்னது புலன் சார்ந்தது. பின்னது மூளை வளர்ச்சி சார்ந்தது. இரண்டும் ஒரே குழந்தையிடம் அமையக்கூடும். ஆனால் ஒன்று இருப்பது மற்றொன்றுக்குச் சான்றாகாது.

மொழி கிட்டாமையும் தவறான முடிவும்

காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் கேட்கும் திறனுடைய பெற்றோருக்கே பிறக்கின்றனர். வீட்டில் பேசப்படும் மொழி குழந்தையின் காதை எட்டுவதில்லை. சைகைமொழியைப் பெற்றோர் அறியார். மொழியை இயல்பாகப் பெறுவதற்குரிய தொடக்க ஆண்டுகள் இவ்வாறு எம்மொழியும் இன்றிக் கழியுமாயின், சொல்வளம் மட்டுமன்றி நினைவாற்றல், காரண காரிய உணர்வு, பிறர் மனநிலையைப் புரிந்துகொள்ளல் ஆகியனவும் பாதிப்புறுகின்றன.

பீட்டர்சன், சீகல் ஆகிய இருவரும் ஆஸ்திரேலியாவில் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வு இங்கு எண்ணத்தக்கது. ஒருவர் அறியாதவாறு ஒரு பொருள் இடம் மாற்றப்பட்டால், அவர் திரும்பி வந்து அதனை எங்குத் தேடுவார் என்பது சோதனையின் வினா. கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள் பலர், ஆட்டிசம் உடைய குழந்தைகளைப் போலவே இதில் பின்தங்கினர். ஆனால் வீட்டிலேயே சைகைமொழியை இயல்பாகப் பெற்ற காது கேளாத குழந்தைகளிடம் அப்பின்னடைவு இல்லை என்பதைத் தொடர் ஆய்வுகள் காட்டின. கேளாமை இரு சாராருக்கும் பொது. வேறுபாடு மொழி கிட்டியதிலும் கிட்டாததிலும் உள்ளது. ஆகவே, பின்னடைவின் வேர் காதிலன்று, மொழிச் சூழலிலேயே உள்ளது எனலாம்.

நிகரகுவா நாட்டு நிகழ்வும் இதனை வலியுறுத்துகிறது. 1977 முதல் அந்நாட்டின் தலைநகர் மனாகுவாவில் சிறப்புப் பள்ளிகளில் ஒன்றுசேர்ந்த காது கேளாத சிறார், கற்பிப்பார் எவருமின்றித் தமக்குள் ஒரு புதிய சைகைமொழியை உருவாக்கினர். மொழித்திறன் அவர்களிடம் முன்னரே இருந்தது. ஒருவரோடு ஒருவர் உறவாடும் வாய்ப்பே இல்லாதிருந்தது.

மறைந்துபோகும் வளர்ச்சிக் குறைபாடுகள்

எல்லாப் பின்னடைவையும் கேளாமையின் மேல் ஏற்றுவதும் பிழையே. கருவுற்ற காலத்து ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ் தொற்றுகள், குறைமாதப் பிறப்பு, பச்சிளங் குழந்தையின் கடும் மஞ்சள் காமாலை, மூளை உறை அழற்சி ஆகியவை செவியையும் மூளையையும் ஒருங்கே தாக்கவல்லவை. அமெரிக்காவில் கலாடெட் பல்கலைக்கழகம் நடத்திய கணக்கெடுப்புகளில், காது கேளாத மாணவருள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு வேறொரு குறைபாடும் இருந்தமை பதிவாகியுள்ளது.

வேறுபடுத்தி அறியச் சில குறிப்புகள் துணைபுரிகின்றன. ஆட்டிசம் இல்லாத காது கேளாத குழந்தை, பேச்சில்லாவிடினும் முகத்தை உற்றுநோக்கும், விரலால் சுட்டிக்காட்டும், தான் கண்டதைப் பிறருக்குக் காட்ட விழையும். இவையும் இல்லையெனில் ஆட்டிசத்துக்கான மதிப்பீடு தேவை. நடை தாமதமாவதை உடனே மூளை முடக்குவாதமாகக் கொள்ளலாகாது. உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பின் பாதிப்பும் அதற்குக் காரணமாகலாம். மறுபுறம், டவுன் கூட்டறிகுறி உடைய குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்கிக் கேட்டல் குறைவது மிகுதி. அக்குழந்தை அழைப்புக்குத் திரும்பாமையை அறிவுசார் குறைபாட்டின் கூறாகவே கருதிவிட்டால், சரிசெய்யத்தக்க குறையும் சரிசெய்யப்படாது போகும்.

மதிப்பீட்டின் வரிசை

பேச்சுத் தாமதம் கண்ட எக்குழந்தைக்கும் முதலில் நிகழ வேண்டியது செவித்திறன் சோதனை. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குள் பயிற்சித் தொடக்கம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கால வரையறை. யோஷினாகா இட்டானோவும் உடனாய்வாளரும் கொலராடோவில் மேற்கொண்டு 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்கு முன் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி வளர்ச்சி, பின்னர்க் கண்டறியப்பட்டோரினும் மேம்பட்டிருந்தது.

சோதனைக் கருவியின் வரம்பும் அறியப்படல் வேண்டும். ஓ.ஏ.இ. சோதனை உட்செவியின் இயக்கத்தை மட்டுமே காட்டும். பெரா சோதனை செவி நரம்பும் மூளைத்தண்டும் ஒலிக்கு எவ்வாறு வினைபுரிகின்றன என்பதைக் காட்டும். கடும் மஞ்சள் காமாலைக்கு ஆளான குழந்தையிடம் உட்செவி இயங்கியும் நரம்புவழிச் செய்தி சிதைந்திருக்கக்கூடும். அத்தகைய குழந்தை முதற்சோதனையில் மட்டும் தேறிவிட்டால், பிற்காலத்தில் அதன் பேச்சின்மைக்கு வேறு காரணம் தேடப்படும்.

அறிவுத்திறனை அளக்கும்போது மொழிவழி வினாக்கள் காது கேளாத குழந்தையின் அறிவை அளப்பதில்லை. அதற்குக் கிட்டாத மொழியையே அளக்கின்றன. ரேவன் வளர்நிலை அணிகள், லைட்டர் அளவுகோல், செகான் வடிவப் பலகை போன்ற மொழிசாராச் சோதனைகளே பொருந்தும். செய்ய வேண்டியதைக் குழந்தைக்கு உணர்த்துவதற்கும் சைகைமொழி அறிந்தவர் உடனிருத்தல் வேண்டும். மொழிப்பயிற்சி தொடங்கிய பின் மறுமதிப்பீடு செய்யாமல் இறுதி முடிவை எட்டுதல் முறையன்று.

தமிழ்நாட்டுச் சூழல்

நெருங்கிய உறவில் மணம் புரியும் வழக்கம், ஒடுங்கு மரபணுவழிக் கேளாமைக்கான வாய்ப்பை மிகுவிக்கிறது. 2013இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையிலான பரிசோதனைக்கு வழிசெய்துள்ளது. காக்ளியர் உள்வைப்புச் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ்க் கிடைக்கிறது. இச்சிகிச்சையின் பயன் இளமையிலேயே மிகுதி. தவறான முடிவினால் கழியும் ஓர் ஆண்டும் மீளக் கிடைப்பதன்று. கருவி பொருத்தப்பட்ட பின்னரும் தொடர்ந்த பயிற்சியும், குழந்தைக்கு எட்டும் மொழியும் வேண்டும். 2015இல் புதுதில்லியில் நிறுவப்பெற்ற இந்தியச் சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் அகராதியும் பயிற்சியும் வழங்கி வருகிறது.

இளையோரிடத்தில் இப்பிழை உரிமைச் சிக்கலாகிறது. அரசுப் பணியில் காது கேளாதோருக்கும் அறிவுசார் குறைபாடு உடையோருக்கும் சட்டம் தனித்தனிப் பிரிவுகளில் இடம் ஒதுக்குகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கு 18 வயதுக்குப் பின்னும் சட்டக் காப்பாளரை அமர்த்த 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே, தவறான சான்றிதழ் பெற்ற காது கேளாத இளைஞர் ஒருவர், தாமே முடிவெடுக்கும் ஆற்றலுடையவராக இருந்தும் பிறர் காப்பில் வைக்கப்படும் நிலை ஏற்படலாம்.

முடிவுரை

பேசாமை ஒரு வெளிப்பாடு. அதன் காரணம் செவியிலோ, மூளை வளர்ச்சியிலோ, மொழிச் சூழலிலோ, இவற்றுள் பலவற்றிலோ இருக்கலாம். செவியைச் சோதித்து, குழந்தைக்கு எட்டும் மொழியை வழங்கி, அதன்பின் அறிவை அளப்பதே முறையான வரிசையாகும். இவ்வரிசை மாறின் அளவுகோல் காட்டுவது குழந்தையின் குறையை அன்று. சுற்றியிருப்போர் மொழி தரத் தவறியதையே.