பரீட்சைக்குப் பின் விடை ஒப்பிடுதல்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் வினாத்தாளை எழுதி முடித்து மண்டபத்தை விட்டு வெளிவரும் மாணாக்கர் நேரே வீடு செல்வது அரிது. வாயிற்படியைக் கடந்ததும் நால்வர் ஐவராகக் கூடுவர். "அந்த நியமிப்புக் கணக்குக்கு உனக்கு என்ன விடை வந்தது?" என ஒருவர் தொடங்க, நினைவில் நின்ற வினாக்களெல்லாம் ஒவ்வொன்றாக வெளிவரும். சிறிது நேரத்திற் சிலர் முகம் மலரும். சிலர் முகம் வாடும். பெற்றோருட் பலர் இதனை வீண் வேலை என்பர். ஆசிரியருட் சிலர் தீங்கு என்றுங் கூறுவர். எவர் தடுப்பினும் நில்லாத வழக்கம் இது. ஆதலின் ஈண்டு ஆராயத்தக்கது, ஒப்பிடலாமா என்பதன்று. எதனை ஒப்பிடுவது என்பதே.

ஓர் உதாரணத்தைக் கருதுக. ஐதான சல்பூரிக் அமிலம் 25 கன சென்ரிமீற்றரை முற்றாக நடுநிலையாக்குவதற்கு, லீற்றருக்கு 0.1 மூல் செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் 20 கன சென்ரிமீற்றர் செலவாயிற்று. அமிலத்தின் செறிவு யாது? கூடிநின்ற ஐவருள் மூவர் 0.08 என்கின்றனர். நாலாமவர் 0.16 என்கிறார். ஐந்தாமவள் 0.04 என எழுதியவள். மற்றையோர் கூறியவற்றைக் கேட்டு மனங்கலங்கி வாய்மூடி நிற்கின்றாள். மூவர் ஒருமித்துச் சொன்னதே சரியென்று கூட்டம் தீர்ப்பளித்துவிடுகிறது.

அத்தீர்ப்புப் பிழையானது. சல்பூரிக் அமிலத்தின் மூலக்கூறு ஒன்று இரண்டு ஐதரசன் அயன்களைத் தரவல்லது. எனவே அமிலத்தின் ஒரு மூலுக்குக் காரத்தின் இரண்டு மூல் வேண்டும். செலவான காரம் 0.002 மூல், அமிலம் அதிற் பாதி, அஃதாவது 0.001 மூல். அது 25 கன சென்ரிமீற்றரில் அடங்கியிருந்தமையால், லீற்றருக்கு 0.04 மூல் என்பதே விடை. மூவரும் அமிலமும் காரமும் ஒன்றுக்கொன்று சேர்வன எனக் கொண்டனர். நாலாமவர் பாதியாக்கவேண்டிய இடத்தில் இரட்டித்தார்.

மூவர் ஒரே பிழையைச் செய்தது வியப்பன்று. எளிதில் நேரும் தவறு பலருக்கும் நேரும். பல்தேர்வு வினாக்களை ஆக்குவோர் இதனை நன்கறிவர். ஐந்து தெரிவுகளுள் பிழையானவற்றை, மாணாக்கர் வழக்கமாக விடும் தவறுகளிலிருந்தே அவர்கள் அமைப்பர். ஆகவே தம் விடை தெரிவுகளுள் இருந்தது என்பதோ, தோழர் பலருக்கும் அதுவே வந்தது என்பதோ சரியென்பதற்குச் சான்றாகாது.

இவ்வகைத் தவறு மாணாக்கர்க்கு மட்டும் உரியதுமன்று. ஒரு கிராம் ஐதரசனுடன் ஏறத்தாழ 8 கிராம் ஒட்சிசன் சேர்ந்து நீராகிறது என்பது நிறுத்துக் கண்ட உண்மை. நீரில் அவ்விரண்டின் அணுக்களும் ஒன்றுக்கொன்று உள்ளன எனத் தாற்றன் கொண்டார். அவ்வாறாயின் ஒட்சிசனின் அணுநிறை 8 ஆகும். ஐதரசன் அணுக்கள் இரண்டெனின் அது 16 ஆகும். அளவீட்டிற் பிணக்கில்லை, விகிதத்திலேயே பிணக்கு. இத்தகைய குழப்பங்களைத் தீர்க்கும் நோக்குடன் 1860 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நூற்றுக்கு மேற்பட்ட இரசாயன அறிஞர் கூடினர். கூட்டம் ஒருமித்த முடிவின்றியே கலைந்தது. ஆயினும் இத்தாலிய அறிஞர் கனிசாரோ எழுதிய சிறுநூலொன்று அங்கு வந்தோர்க்கு வழங்கப்பட்டது. அவகாதரோ 1811 ஆம் ஆண்டில் வெளியிட்ட கருதுகோளை அடிப்படையாகக் கொண்டு, அணுநிறைகளைப் பெறும் வழியை அந்நூல் படிப்படியாக விளக்கியது. அதனை ஆறுதலாகப் படித்தோர் அவ்வழியின் செம்மையை உணர்ந்தனர். காலப்போக்கில் 16 நிலைபெற்றது. அக்கூட்டத்திற்குச் சென்றிருந்த மெண்டலீவ் 1869 இல் ஆவர்த்தன அட்டவணையை அமைத்தபொழுது, அவருக்குத் துணைநின்றவை இவ்வாறு திருத்தமுற்ற அணுநிறைகளே. வாக்கெண்ணிக்கையன்று, வழிமுறையே பிணக்கைத் தீர்த்தது.

இனி, விடை ஒன்றாயிருந்தும் அதன் தகுதி வேறாதலும் உண்டு. அசற்றிக் அமிலத்தைச் சோடியம் ஐதரொட்சைட்டுடன் நியமிக்கத் தக்க காட்டி எது என வினவினால், இருவர் "பினோத்தலீன்" என்றே எழுதக்கூடும். ஒருவர், அதன் நிறம் தெளிவாகத் தெரியும் எனக் காரணங் கூறுகிறார். மற்றவரோ, மென்னமிலமும் வன்காரமும் சேருமிடத்துச் சமவலுப் புள்ளியிற் கரைசல் காரத்தன்மை உடையதாயிருக்கும். பினோத்தலீன் நிறம் மாறுவது பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 8.3 முதல் 10 வரையில். மெதயிற் செம்மஞ்சளோ 3.1 முதல் 4.4 வரையில் மாறிவிடும் என விளக்குகிறார். வெளியே நின்று ஒப்பிடும்பொழுது இருவரும் மகிழ்வர். விடையைத் திருத்துபவரின் மேசையில் இருவர்க்கும் ஒரே புள்ளி கிடைப்பதில்லை.

இதன் மறுபக்கம் ஆறுதல் தருவது. கட்டுரை வினாக்களிலும் அமைப்புக் கட்டுரை வினாக்களிலும் இறுதி எண்ணுக்கு மட்டுமன்றிப் படிகளுக்கும் புள்ளியுண்டு. ஈடுசெய்த சமன்பாட்டைச் சரியாக எழுதிக் கடைசிப் பெருக்கலிற் சறுக்கியவர் எல்லாவற்றையும் இழந்தவரல்லர். மேலும், பல்கலைக்கழக அனுமதிக்காக 2001 ஆம் ஆண்டில் அறிமுகமான இசட் புள்ளி, ஒருவர் பெற்ற புள்ளியை அப்பாடத்திற்குத் தோற்றிய ஏனையோரின் சராசரியோடும் பரம்பலோடும் ஒப்பிட்டுக் கணிக்கப்படுவது. வினாத்தாள் கடினமாயின் அக்கடினம் பிறர்க்கும் உரியதே. ஆதலின் ஒரு கணக்குப் பிழைத்ததென்று எதிர்காலமே பாழாயிற்றென எண்ணுவது பொருந்தாது.

எனினும், காலம் அறிந்து செய்தல் வேண்டும். இரண்டொரு நாளில் பௌதிகவியலோ உயிரியலோ காத்திருக்கையில், முடிந்த வினாத்தாளைக் கிளறுவதாற் பயனில்லை. கையளித்த விடைத்தாளில் ஓரெழுத்தையும் மாற்ற இயலாது. அடுத்த வினாத்தாளுக்கு வேண்டிய உறக்கமும் ஊக்கமும் மட்டுமே குறையும். வீடு திரும்பிய பிள்ளையிடம் "எத்தனை சரி?" என வினவும் பெற்றோர், அவ்விடத்து "சாப்பிட்டாயா?" எனக் கேட்டல் நன்று.

பாடங்கள் யாவும் முடிந்தபின் நண்பர் கூடட்டும். அப்பொழுது "விடை என்ன?" என்பதை விடுத்து, "எவ்வாறு செய்தாய்?" என வினவட்டும். ஒவ்வொருவரும் சமன்பாடு, விகிதம், மூல் எண்ணிக்கை, அலகு என்பவற்றை ஒழுங்காக எழுதி அருகருகே வைத்தால், வழிகள் பிரியும் இடம் தானே புலப்படும். அவ்விடத்தைக் கண்டுகொண்டவர், விடை பிழைத்தவராயினும் இரசாயனவியலைக் கற்றவராவார். கண்டுகொள்ளாதவர்க்கு, தற்செயலாகச் சரியான விடையும் அடுத்த கணக்கில் உதவப்போவதில்லை.